இதயத்துக்குக் கீழே ஒரு புள்ளி

இறால் கம்பெனிக்குக் கிளம்புமுன் பிலோமி, காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கணவனுக்கு எழுதினாள். ஹார்பரில் நைட் ஷிப்ட் முடித்து வந்த எட்வின் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தான்.

"நெத்திலிக் குழம்பு அடுப்பு மேல கீது. பதினோரு மணிக்கு கேஸ்காரர் வருவாரு. வெளிய போனா சாவிய பக்கத்து வூட்டு ஜூடி அக்காகிட்ட குடு."

பேனா நின்றது. மணி பார்க்க அவனுடைய போனை அவள் எடுத்தபோதுதான் அது கண்ணில் பட்டிருந்தது. மாதா கோயில் பாட்டுக்குழுவில் அவனோடு பாடும் ஸ்டெல்லாவுக்கு, 'வந்துடறேன் ❣️' என்று அனுப்பியிருந்தான். பிலோமிக்கு எப்போதும் வெறும் 'சரி'தான்.

பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மகளைக் கேட்டாள்.

"அது ஆச்சரியக்குறிம்மா. மேல கோட்டுக்குப் பதிலா ஹார்ட்டு. சில பேரு லவ்வுக்குப் போடுவாங்க, சில பேரு சும்மா அழுத்திச் சொல்லப் போடுவாங்க."

"உங்கப்பா எதுக்குப் போட்டாரு?"

"அத அவரைத்தான் கேக்கணும்."

எழுப்பிக் கேட்க வாய் வரவில்லை. எழுதினாள்: "ஸ்டெல்லாவுக்கு இன்னாத்துக்கு ஹார்ட்டு? எனக்கு மட்டும் மொட்டையா 'சரி'யா?"

படித்துப் பார்த்தாள். அடித்துவிட மனமில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அடியில் மிச்சமிருந்த இடத்தில் நெருக்கி எழுதினாள்:

"பாட்டுக்குழுவுல நானும் சேர்றேன். ஞாயித்துக்கிழமை என்னையும் இட்டுகினு போ. என் குரல் கலீஜா கீதுன்னு எவளாவது சொல்லட்டும், பாத்துக்கறேன்."