ராமாத்தாளுக்குக் கொடுத்த கட்டில்

16-6-57, ஞாயிறு

காலையிலிருந்து காற்று. கொடியில் போட்ட துணி முழுக்க மண். நாளை கோவை ஆஸ்பத்திரியில் போய்ச் சேர வேண்டும். எடுத்து வைத்தவை: பழைய சேலை மூன்று, சோப்பு, டம்ளர், பிளாஸ்க், டாக்டர் சீட்டு. பள்ளிக்கூடத்துக்கு ஒரு மாத லீவு எழுதிக் கொடுத்தாயிற்று. காரணம்: வயிற்றில் கட்டி. மார்பு என்று தலைமையாசிரியருக்கு எப்படி எழுதுவது?

எதிர் வீட்டில் மூன்று பேருக்குக் கப்பல் காய்ச்சல். சிங்கப்பூர்க் கப்பலில் மெட்ராஸ் வந்து, ரயிலேறி எங்கள் தெருவுக்கும் வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் வேலை செய்யும் பனியன் கம்பெனியில் பாதி ஆள் இல்லை. துணி வெட்டும் இவரே மடிக்கவும் உட்காருகிறாராம்.

முருகன் கோயிலில் பூக் கேட்டேன். எங்கள் பக்கத்தில் பூக் கேட்காமல் கிணறுகூட வெட்டமாட்டார்கள், நான் உடம்பை வெட்டக் கொடுக்கப் போகிறேன். இலையில் மடித்த பொட்டலம் இரண்டு. வெள்ளை வந்தால் போகலாம், சிவப்பு வந்தால் கூடாது. பூசாரி ஒன்றை எடுத்துக் கையில் கொடுத்தார். வாசலில் வந்து பிரித்தேன். அரளி. சிவப்பு.

இவர் சைக்கிளோடு வெளியே நின்றிருந்தார். "என்ன பூவு?"

"வெள்ளைங்க."

ஏன் சொன்னேன்? இவர் மூன்று மாதமாக அலைந்து வாங்கிய தேதி இது. சிவப்பு என்றால் அனுப்பவே மாட்டார்.

17-6-57, திங்கள்

ஆஸ்பத்திரி. முதலில் காய்ச்சல் வரிசை, ரோடு வரை. பெண்கள் வார்டு வராந்தாவிலும் பாய் போட்டுக் காய்ச்சல்காரர்கள். ஆண்களை உள்ளே விடவில்லை, இவர் வேப்பமரத்தடியில்.

பக்கத்து பெஞ்சில் மூலனூர் அம்மாள் ஒருவர், பெயர் ராமாத்தாள். ஐம்பது இருக்கும். மடியில் ஒரு கட்டு முருங்கைக்காய்.

"இது ஆருக்குங்க?"

"நர்சம்மாவுக்குக் கண்ணு. குடுத்தா வெரசாக் கூப்புடுவாங்கன்னு எங்கூட்டுக்காரரு சொன்னாரு. இத வாங்குவாங்களா, வைவாங்களான்னு தெரியலயே."

சிரிப்பு வந்துவிட்டது. அந்த இடத்தில் சிரித்தது நாங்கள் இருவர் மட்டும்தான். அவருக்கும் அதே இடம், அதே பக்கம், இடது. "புள்ளைங்க பால் குடிச்ச எடம். இப்ப அதுவே பகையாப் போச்சு" என்றார்.

பதினோரு மணிக்கு சிஸ்டர் வந்தார். நர்சுகளில் பாதிப் பேருக்குக் காய்ச்சல். மயக்க மருந்து டாக்டருக்கும் இன்று உடம்பு சூடு. நாளை ஒரே ஒரு ஆபரேஷன், அதற்குப் பிறகு தியேட்டரை மூடுகிறார்கள். எப்போது திறக்கும் என்று தெரியாது. ஒரு கட்டில்தான் இருக்கிறது. சீட்டைப் பார்த்து, "நீங்கதான் முதல்" என்று என்னைக் கூப்பிட்டார்.

எழுந்து நின்றேன். கண்ணுக்குள் அந்த அரளி. "இந்தம்மா தூரத்திலிருந்து வந்திருக்காங்க, அவங்களுக்குக் குடுத்துருங்க, எனக்குப் பக்கம்தான்" என்று சொன்னது என் வாய்.

ராமாத்தாள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "பெத்த புள்ள செய்யாதத நீ செஞ்ச சாமி." அட்ரஸ் எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். முருங்கைக்காயோடு உள்ளே போனார்.

ரயிலில் இவர், "உனக்கு இருக்கற மனசு எனக்கு வராது புள்ள" என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

27-6-57, வியாழன்

எனக்கும் வந்து போயிற்று காய்ச்சல். நான்கு நாள். உடம்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி. இவர்தான் கஞ்சி. உப்பு இரண்டு முறை போட்டிருந்தார், சொல்லவில்லை.

'அது' முன்பு புளியங்கொட்டை. இப்போது கொட்டைப்பாக்கு. நான்தான் அடிக்கடி தொட்டுப் பார்த்துப் பெரிதாக நினைக்கிறேனோ?

லீவை ரத்து செய்துவிட்டுத் திங்களிலிருந்து பள்ளிக்கூடம் போகலாம். மூன்றாம் வகுப்பில் நாற்பதுக்குப் பதினொரு பேர்தான் வருகிறார்களாம்.

8-7-57, திங்கள்

சாயங்காலம் வாசலில் ஒருவர். வெள்ளை வேட்டி, மொட்டைத் தலை. ராமாத்தாள் வீட்டுக்காரர். தலையைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

"ஆபரேசன் நல்லபடியாத்தான் ஆச்சுங்க. புண்ணுகூட ஆறிப்போச்சு. எட்டாம் நாளு பக்கத்துப் பாயில இருந்து காய்ச்சல் தொத்திருச்சு. ரண்டே நாளுங்க."

இவர் செம்பில் தண்ணீர் கொடுத்தார். வந்தவர் குடிக்கவில்லை. என்னைப் பார்த்தபடியே இருந்தார்.

"கடைசி வரைக்கும் உங்களப் பத்தித்தானுங்க பேச்சு. கட்டில் குடுத்த புண்ணியவதி, அவளை நேர்ல பாத்து ஒரு வார்த்தை சொல்லிப்போட்டு வாங்கன்னா. அதுக்குத்தானுங்க வந்தேன்."

ஒரு கட்டு முருங்கைக்காய் வைத்துவிட்டுப் போனார். கும்பிட்டுவிட்டும் போனார். என்னை!

இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "குழம்பு வெய்யி, அவிய ஆசையா குடுத்தது" என்றார். வைத்தேன். இவர் சாப்பிட்டார். எனக்கு வாய் வரை கொண்டுபோக முடியவில்லை.

9-7-57, செவ்வாய்

எனக்கு வந்த சாவை அவருக்குக் கொடுத்தேன். சிவப்பு என்று தெரிந்தே கொடுத்தேன். தெரிந்தேவா? அந்த நிமிடத்தில் ராமாத்தாளை நினைத்தேனா என்று திரும்பத் திரும்பக் கேட்டுப் பார்க்கிறேன். இல்லை. என்னை மட்டும்தான் நினைத்தேன்.

போர்டில் கணக்கு எழுதும்போது பின்னால் யாரோ பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற நினைப்பு. மடியில் கட்டு வைத்துக்கொண்டு. திரும்பினால் பதினாலு பிள்ளைகள்.

25-7-57, வியாழன்

தூறல். சோப்பு தீர்ந்துவிட்டது. தபாலில் கார்டு. தியேட்டர் திறந்துவிட்டார்கள், வரும் திங்கள் வந்து சேரவும்.

நல்லவேளை, என் கையில் கிடைத்தது. இரண்டு முறை படித்தேன். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, போட்டுவிட்டேன். மூலையிலிருந்து சுருண்டு எரிந்தது.

அந்தக் கட்டிலில் போய் நான் எப்படிப் படுப்பேன்? காய்ச்சல் முழுக்க அடங்கட்டும். ஆடி போகட்டும். இப்படி எனக்கு நானே.

19-8-57, திங்கள்

ஜாக்கெட் இடது கை ஏற மாட்டேன் என்கிறது. அக்குளில் இரண்டு புதிதாக, சின்னது. வலி இல்லை. வலித்தால் பயப்படலாம், வலிக்காததற்கு என்ன செய்வது?

இன்று இவர் கம்பெனிக்கு லீவு போட்டு, என்னிடம் சொல்லாமல் கோவை போய் வந்திருக்கிறார்.

"ஏம்புள்ள, கார்டு போட்டாங்களாமே?"

"வரலீங்க. தபால்காரருக்கும் காய்ச்சலோ என்னமோ."

"அதான பாத்தேன்" என்றார். உடனே நம்பிவிட்டார். ஒரு சந்தேகமாவது பட்டிருக்கக் கூடாதா? என்னைப் புண்ணியவதி என்று நினைக்கிற மனிதரிடம் எதைச் சொன்னாலும் செல்லுபடியாகிறது. அதுதான் பெரிய தண்டனை. புதுத் தேதி: செப்டம்பர் 2.

2-9-57, திங்கள்

ஆஸ்பத்திரி. வராந்தாவில் பாய் ஒன்றுகூட இல்லை. கழுவி விட்டிருந்தார்கள். காய்ச்சல் வந்ததற்கே அடையாளம் இல்லை. இவர் வழக்கம் போல் வேப்பமரத்தடி.

டாக்டர் அக்குளில் கை வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். பிறகு கழுத்து எலும்புக்கு மேலே. சீட்டைப் புரட்டினார்.

"ஜூலையில் கார்டு போட்டோமேம்மா?"

"வந்துச்சுங்க" என்றேன். அவரிடமாவது பொய் வேண்டாம் என்று தோன்றியது.

"படிச்சவங்க, டீச்சர், நீங்களே இப்படிச் செய்யலாமா?" கோபம் இல்லை, அலுப்புதான். "இது இப்ப நெஞ்சோடு ஒட்டிப்போச்சு, மேலயும் ஏறியிருக்கு. இனி கத்தி வைக்கிறதுல பிரயோஜனம் இல்லை. ஆபரேஷன் வேண்டாம். மெட்ராஸுக்கு எழுதித் தரேன், எக்ஸ்ரே கரண்ட் வைப்பாங்க. கொஞ்ச நாள் தள்ளிப் போடலாம்."

"எவ்வளவு நாளுங்க?"

எழுதுவதை நிறுத்தாமல், "குழந்தைங்க இருக்காங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "சரி" என்றார்.

கடிதம் இங்கிலீஷில். வராந்தாவில் நின்று படித்தேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷுக்கே போதுமானதாக இருந்தது.

மரத்தடியிலிருந்து இவர் ஓடி வந்தார். "என்ன சொன்னாங்க? என்னைக்கு ஆபரேசன்?"

"ஆபரேஷன் வேண்டாம்னு சொல்லிட்டாங்க."

அடுத்ததைச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் இவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அத்தனை பேர் பார்க்க அழுதார், சிரித்தார். "நீ செஞ்ச தருமம் புள்ள, அதான் உன்னய வெட்டாம வுட்டுருச்சு" என்றார். கல்யாணமாகிப் பதினாறு வருடத்தில் இந்த மனிதர் முகம் இப்படி மலர்ந்து பார்த்ததில்லை.

ரயில் முழுக்கப் பேசிக்கொண்டே வந்தார். கடிதத்தை மருந்துச் சீட்டு என்று மடித்துத் தன் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

இப்போது மணி ஆறு. அல்வா வாங்கி வந்து, தெருவில் வீடு வீடாகக் கொடுத்துக்கொண்டு வருகிறார். எதிர் வீட்டில் இவர் குரல் கேட்கிறது. இன்னும் இரண்டு வீடு. வந்ததும் சொல்லிவிட வேண்டும். காப்பிக்குத் தண்ணீர் வைத்திருக்கிறேன், ஒரு வாய் குடிக்கட்டும்