வெல்லமும் கிணற்றுத் தண்ணீரும்

இன்றைய செய்தித்தாளில் முழுப் பக்கத்துக்கு உன் படம் போட்டிருக்கிறார்கள். பழைய இரும்பு வாங்கி விற்றவர் பல ஆலைகளுக்கு அதிபரான கதை அதற்குக் கீழே. "அப்பா மண்ணைப் பார்த்ததுமே அதன் மதிப்பைச் சொல்லிவிடுவார்" என்று உன் மகன் சொல்லியிருக்கிறான். அந்த வரியில் நின்றுபோனேன், காப்பி ஆறிவிட்டது. முப்பது வருடம் உன்னை 'முதலாளி' என்று கூப்பிட்டவன் நான். இப்போது நீ இல்லை. இனிப் பழையபடி 'நீ' என்றே பேசுகிறேன்.

அறுபதுகளில் கவரைப்பேட்டை ஸ்டேஷன் பக்கம் சைக்கிளில் தராசைக் கட்டிக்கொண்டு திரிவாய். ஓட்டை வாளிக்கும் உடைந்த ஏர்க்கொழுவுக்கும் நீ பேரம் பேசுகிற அழகைப் பார்க்கவே கூட வருவேன். வந்த பணத்தையெல்லாம் நிலத்தில் போட்டாய். "மிஷின்ல போட்ட டப்பு தேயும்பா, மண்ணுல போட்டா வளரும்" என்பாய். வளர்ந்தது, மறுக்கவில்லை. ஆனால் கும்மிடிப்பூண்டிப் பக்கம் தொழிற்சாலைகள் வரப்போவது ஊருக்குத் தெரியும் முன்பே உனக்கு எப்படித் தெரிந்தது? கேட்டால் சிரிப்பாய். அந்தச் சிரிப்பை நான் அன்றும் நம்பவில்லை.

நிலம் பார்க்கப் போனால் சட்டைப் பையிலிருந்து வெல்லக்கட்டியை எடுத்து எல்லோருக்கும் கொடுத்து, நீயும் ஒரு துண்டு வாயில் போட்டுக்கொள்வாய். "நல்ல விசயம் பேச வந்துக்கிறோம், வாய இனிப்பாக்கிக்கோங்க." பிறகு அந்த நிலத்துக் கிணற்றுத் தண்ணீரைக் கேட்டு வாங்கி, ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளிப்பாய். பழவேற்காட்டு ஏரியின் உப்பு நிலத்தடியில் ஏறி வருகிறது என்று அப்போது ஊரெல்லாம் பேச்சு. உப்புக் கிணறு என்றால் நிலத்தின் விலை படுத்துவிடும். அந்தப் பேச்சு எங்கள் பக்கம் யார் வாயிலிருந்து முதலில் கிளம்பியது என்பதிலும் எனக்குச் சந்தேகம் உண்டு.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு காலை எங்கள் நிலத்துக்கே வந்தாய். என் நைனாவுக்கு வெல்லம், எனக்கும் வெல்லம். எங்கள் கிணற்றுத் தண்ணீரை ஒரு வாய் குடித்துத் துப்பினாய்.

"இன்னா மாமா, இப்டி கரிக்குது!"

"இன்னாபா சொல்ற? காலங்காலமா இதத்தான குடிச்சிக்கினு கீறோம்?" என்ற நைனா, தானும் குடித்துப் பார்த்தார். சந்தேகமாக நாக்கைச் சப்புக்கொட்டினார்.

"உங்க புள்ளையே சொல்லட்டும்" என்று சொம்பை என்னிடம் நீட்டினாய்.

முந்தின நாள்தான் "ஷெட்டு போட்டா மொத வேல உனுக்குத்தான்" என்று சொல்லியிருந்தாய். குடித்தேன். ஒரு மாதிரி இருந்தது. "ஆமா நைனா, கரிக்குது" என்றேன். உன்னை நம்பாத மனிதர் என்னை நம்பினார். பத்திரத்தில் கைநாட்டு வைத்தார்.

ஷெட் வந்தது, எனக்கு எடைமேடையில் வேலையும் வந்தது. அந்தக் கிணற்றை நீ மூடவில்லை. தூர் வாரி, மோட்டார் வைத்து, தொழிலாளிகள் குடிக்க அதிலிருந்துதான் குழாய் இழுத்தாய். உப்பு என்று ஒருவனும் சொல்லவில்லை. வெல்லம் தின்ற வாய்க்கு நல்ல தண்ணீரும் வேறு மாதிரி இருக்கும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. தெரிந்தே செய்தாயா, இல்லை உன் நாக்கும் ஏமாந்ததா? எத்தனையோ தரம் உன் அறை வரை வந்து, வேறு எதையோ பேசிவிட்டுத் திரும்பியிருக்கிறேன். வேலை போய்விடுமே என்ற பயம்தான்.

ஒருநாள் நைனா எனக்குச் சோறு கொண்டுவந்தார். நல்ல வெயில். கேட்டுக்குப் பக்கத்துக் குழாயில் கையேந்திக் குடித்தார்.

"நல்லா கீதுடா. எந்தக் கெணத்துத் தண்ணி?"

"கெணறு இல்ல நைனா. லாரில வருது."

"அதான பாத்தேன். நம்ப தண்ணிலதான் உப்பு பூந்துட்சே" என்று சொல்லி இன்னும் இரண்டு கை குடித்தார்.

உன் மேல் எனக்குள்ள சந்தேகம் தீரப்போவதில்லை, பதில் சொல்ல நீயும் இல்லை. அது போகட்டும். ஆனால் அந்த லாரியை எனக்கு நீ சொல்லித்தரவில்லை. நைனா செத்து இத்தனை வருடமாகியும் அது என்னிடமே நிற்கிறது.