பால் வண்டி வசனம்

ஜூன் 10, செவ்வாய்

வீட்டுக்காரரோடு சண்டை. காரணம் என்று பார்த்தால் ஒன்றுமில்லை. தொட்டுக்கொள்ள வெஞ்சனம் இல்லாமல் வெறும் ரசச் சோறு. காலையிலிருந்து சீரியலுக்கு வசனம் எழுதிக்கொண்டிருந்தேன், அடுப்படிப் பக்கமே போகவில்லை.

"ஒன் சீரியல் புருசனுக்கு மட்டும் வக்கணையா ஆக்கிப் போடு" என்றார். சும்மா இருந்திருக்கலாம். "உங்களுக்கு மட்டும் என்ன? எங்களைவிடப் பூ மூட்டைதான பெருசு" என்று விட்டேன்.

முகம் சுண்டிப்போனது. பிறகு சொன்னார். மாமா, அதான் அவர் அப்பா, இறந்த அன்று போனில் சார்ஜ் இல்லை என்று ஊருக்கே சொன்னாரே, பொய். நிலக்கோட்டை மல்லியோடு அவர் வேன் வடமதுரை தாண்டும்போது வீட்டிலிருந்து போன் அடித்தது. மாமாவுக்கு முடியாமல் இருந்த சமயம். எடுத்தால் திரும்ப வேண்டியிருக்கும் என்று எடுக்கவில்லை. திருச்சியில் பூவை இறக்கிவிட்டு வந்தார். மாமா போயிருந்தார்.

"ரெண்டு மணி நேரத்துல என்ன ஆயிரப்போகுதுன்னு நெனச்சேன் ஏஞ்சல்."

ஐந்து வருடமாக யாரிடமும் சொல்லாதது. இருவரும் கட்டிக்கொண்டு அழுதோம். கல்யாணமான எட்டு வருடத்தில் இவ்வளவு நெருங்கி இருந்ததில்லை.

ஜூன் 12, வியாழன்

கதை பார்க்கிற சுகன்யா மேடம் சென்னையிலிருந்து போன். "கண்ணன், தீபா சண்டை சவசவன்னு இருக்கு. நல்லா முட்டிக்கிட்டாதான் ஜோடி ஒட்டும். நாலு மணிக்குள்ள சீன் வேணும்."

மூன்று மணி வரை ஒரு வரி வரவில்லை. அப்புறம் வந்தது. மல்லியைப் பாலாக்கினேன், பூ வேனைப் பால் வண்டியாக்கினேன். என் கற்பனை அம்புட்டுத்தான். "அழுதுட்டேன்" என்று மேடம் அனுப்பியிருந்தார். சந்தோஷமாகத்தான் இருந்தது எனக்கு. அதுதான் கேவலம்.

ஜூன் 17

எழுதிவிட்டதை வீட்டுக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். நாளைக்கு.

ஜூன் 24, செவ்வாய்

சொல்லவில்லை.

அந்த சீனை ஏழரைக்குப் போட்டார்கள். மருமகள் எழுதுகிற சீரியல் என்று அத்தை ஒரு நாளும் விடமாட்டார். இன்றைக்கென்று அவரும் வந்து உட்கார்ந்தார். கண்ணன் பேசினான்: "ரெண்டு மணி நேரத்துல என்ன ஆயிரப்போகுதுன்னு நெனச்சேன்." ஒரு சொல்கூட மாற்றவில்லையே நான்!

அத்தை டிவியைப் பார்க்கவில்லை, மகனைப் பார்த்தார். அவர் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அத்தை ஜெபமாலையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

ஜூன் 25

"சரி." "ம்." "சாப்ட்டேன்." இன்று முழுக்க அவர் என்னிடம் பேசியது இவ்வளவுதான்.

ஜூலை 2

வேண்டுமென்றே உப்பில்லாமல் குழம்பு வைத்தேன். திட்டுவார் என்றுதான். "நல்லாருக்கு" என்று சாப்பிட்டுவிட்டுப் போனார். சண்டை போடக்கூட என்னிடம் பயம். வாயைத் திறந்தால் எழுதிவிடுவேனே. அடிப்பாவி, என்ன காரியம் பண்ணிட்ட நீ?

ஜூலை 6, ஞாயிறு

பூசை முடிந்து மூவரும் மாமாவின் கல்லறைக்குப் போனோம். அத்தை மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டே மகனிடம் பேசினார்.

"ஏலே ராயப்பா, அன்னைக்குப் போன் போட்டது நாந்தான? ஆறு தடவை போட்டேன், ஆறு தடவையும் ரிங் போச்சு. சார்ஜ் இல்லாத போனு எங்கலே ரிங் போகும்?"

எங்கள் இரண்டு பேருக்கும் இது தோன்றவேயில்லை.

"நீயா வந்து சொல்லுவேன்னு இருந்தேன். கடைசில எவனோ வேசக்காரன் வாயால கேட்டேன்."

என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர் அம்மா மடியில் முகத்தை வைத்து அழுதார். நான் தள்ளி நின்றேன். பக்கத்தில் போக எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

ஜூலை 8, செவ்வாய்

மேடம் சமாதான சீன் கேட்டார். அத்தை சொன்னது அப்படியே விரல் நுனியில் நிற்கிறது. போட்டால் வீட்டுக்கு வீடு அழுவார்கள். போடவில்லை. தீபா மன்னிப்புக் கேட்கிறாள், கண்ணன் சிரிக்கிறான் என்று என்னமோ எழுதி அனுப்பினேன்.

"ஃபீலே இல்லையே ஏஞ்சலின்?"

"இல்லைதான் மேடம். இதான் இருக்கு."

ஜூலை 18, வெள்ளி

அந்த சீன் இன்று வந்தது. அவர் கதவருகே நின்று கடைசி வரை பார்த்தார். அத்தையும் பார்த்தார். யாரும் எழுந்து போகவில்லை.

ஜூலை 19, சனி

மதியச் சாப்பாடு. உப்பு சரியாகத்தான் இருந்தது. "என்ன கொழம்புடி இது, மனுசன் திம்பானா?" என்று அவர் ஆரம்பித்தார். ஒரு மணி நேரம்! மூன்று வாரத்துக்கும் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் வந்தது. நானும் விடவில்லை. அத்தை டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டார்.

கடைசியில் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்று சொன்னார்.

என்ன சொன்னார் என்று இங்கேயும் எழுதமாட்டேன்.