மூன்றாவது கோலுக்குப் பிறகு

அன்புத் தம்பிக்கு,

மூன்று நாளாகப் போன் அடித்தும் நீ எடுக்கவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

சனிக்கிழமை தோற்றதற்கு நீ மட்டும் காரணமில்லை. உனக்கு முன்னால் நின்ற நாலு பேரும் தூங்கி வழிந்தார்கள். சீசனில் மிச்சமிருந்தது இரண்டே ஆட்டம். இதில் டிரா செய்திருந்தாலே கீழ் டிவிஷனுக்கு இறங்காமல் முதல் டிவிஷனிலேயே தங்கியிருப்போம். பஸ் டிப்போவில் ஸ்பானரைக் கீழே போட்டுவிட்டு எல்லாரிடமும் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அந்த மூன்றாவது கோலில் மட்டும்தான் பந்து உன் கைக்குள் வந்து நழுவியது. கோல்கீப்பர் என்றால் அதுவும் நடக்கும்.

அப்போது நாங்கள் உட்கார்ந்திருந்த வரிசையிலிருந்து, "வெளிய போடா, ஓட்டைக் கையா!" என்று ஒரு குரல் எழுந்தது. பிறகு மைதானம் முழுக்க அதையே கத்தியது. நீ திரும்பி எங்கள் பக்கம் பார்த்தாய்.

வீட்டுக்கு வந்ததும் உன் அண்ணி கேட்டாள்.

"யாருங்க மொதல்ல கத்துனது?"

"அவ்வளவு கூட்டத்துல யாருன்னு சொல்றது?"

"சரி, உங்க தொண்டை ஏன் இப்படிக் கட்டியிருக்கு?"

முகம் கழுவப் போய்விட்டேன். உன்னிடம் மறைத்துப் பயனில்லை. சின்ன வயதிலிருந்து நீ கேட்டு வளர்ந்த குரல் அது. அப்போதே தெரிந்துகொண்டிருப்பாய்.

கடைசி ஆட்டத்தில் உன்னை இறக்க மாட்டார்கள் என்று பேப்பரில் போட்டிருக்கிறான். நீ வெளியே உட்கார்ந்திருந்தாலும் நான் வருவேன். வரக்கூடாது என்றால் உன் அண்ணியிடம் சொல்லிவிடு. காரணத்தையும் அவளிடம் நீயே சொல்லிவிடு. எனக்கு வாய் வரவில்லை.

உன் அண்ணன்