லைட் வச்சாச்சு

ஜூன் 11, 2024

இவருக்கு இன்றைக்கும் குரல் திறக்கவில்லை. மார்ச்சிலிருந்து கம்மல். பனங்கற்கண்டு, மிளகுப்பால், சித்தரத்தை எல்லாம் ஆயிற்று. மில்லில் பஞ்சுத்தூசி, அதனால்தான் என்று அவரே வைத்தியராகிச் சொல்லிக்கொள்கிறார். "பஞ்சுத்தூசி சரி. பீடியையும் பஞ்சா குடிச்சுச்சு?" என்று கேட்டேன். முறைத்தார்.

நாளைக்கு என் தம்பி ஆல்வினைக் கூட்டிக்கொண்டு மதுரை ஆஸ்பத்திரிக்குப் போகிறார். எனக்குக் கல்யாண வீட்டுத் தையல் நிற்கிறது.

ஜூன் 12

முகம் தெளிந்து வந்தார். "லைட் வச்சாச்சு புள்ள. மூக்கு வழியா ஒயர விட்டு, நீலக் கலர் லைட்டு. வலியே இல்ல." ஒரு துணுக்குச் சதை எடுத்தார்களாம். மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். குழம்பு ஊற்றி இரண்டு தரம் சாப்பிட்டார்.

ஜூன் 30

குரல் கொஞ்சம் தெளிந்த மாதிரிதான் இருக்கிறது. இவர் அக்கா லூர்தம்மாள் மதினி கோயிலில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்து தெருவெல்லாம் சொல்கிறார்: "என் தம்பிக்கு லைட்டுலயே கரைஞ்சிருச்சு."

ஆகஸ்ட் 19

ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் போன். இவர் நம்பருக்கு எத்தனையோ தடவை கூப்பிட்டார்களாம். இன்றைக்குப் போனை வீட்டில் வைத்துவிட்டுப் போனதால் நான் எடுத்தேன். ரிசல்ட் ஜூனிலேயே வந்துவிட்டது, ஏன் வரவில்லை என்றாள். "அதான் வைத்தியம் ஆயிருச்சேம்மா, லைட் வச்சாச்சே" என்றேன்.

அப்புறம் மெதுவாக, "அக்கா, அது பாக்குறதுக்கு வைக்கிற லைட்டு. வைத்தியம் இல்லக்கா" என்றாள்.

என் மாமியாருக்கு மார்பில் வந்தபோது 'கரண்ட் வச்சாக'. கதிர்வீச்சை ஊரே அப்படித்தான் சொல்லும். கரண்ட் வைத்தால் வைத்தியம் என்றால் லைட் வைத்தால் என்ன? அன்றைக்கு 'லைட் வச்சுப் பாத்தாச்சு' என்று சொல்லியிருப்பார்கள். இவர் காதில் 'வச்சாச்சு' மட்டும் விழுந்திருக்கிறது. அந்தப் 'பாத்து' எங்கே போய்த் தொலைந்தது?

புத்துநோய்தான். எழுதிவிட்டேன். வாயால் சொல்ல வரவில்லை.

ஆகஸ்ட் 23

மறுபடியும் ஒயரை விட்டுப் பார்த்தார்கள். டாக்டரம்மா டிவியில் காட்டினார். சாதாரண வெளிச்சத்தில் ரோஸ் நிறம், ஒரு பக்கம் லேசாகத் தடித்திருக்கிறது, அவ்வளவுதான். ஒரு பட்டனை அமுக்கினார், எல்லாம் நீலப்பச்சை ஆயிற்று. அதில் பழுப்புப் புள்ளிகள், கசகசாவை வறுத்துத் தூவிவிட்ட மாதிரி. பக்கத்தில் ஜூன் மாதப் படம். அதில் ஒரு ஓரத்தில் மட்டும் இருந்தது. இப்போது நடுக்கோட்டைத் தாண்டி இந்தப் பக்கம் வந்துவிட்டது.

"ஜூன்ல வந்திருந்தா..." என்று ஆரம்பித்தவர் இவர் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

ஆபரேசனுக்குப் புதுக் கேமரா வந்திருக்கிறதாம். கண்ணாடி மாட்டிக்கொண்டு பெரிய டிவியைப் பார்த்தே வெட்டுவார்களாம், மேடு பள்ளம் வரைக்கும் தெரியுமாம். "நல்ல இடத்தத் தொடாம எடுக்கலாம். குரலக் காப்பாத்தப் பாப்போம்."

பஸ்ஸில் இவர், "என் தொண்டைய சினிமா பாக்கப் போறாக. இடைவேளை உண்டான்னு கேட்டியா?" என்றார். சிரித்துவிட்டேன். ஊருக்குள் நுழைகிற பேகம்பூர் ஸ்டாப் வந்ததும் அழுதுவிட்டேன்.

செப்டம்பர் 9

பாதி ஆபரேசனில் டாக்டரம்மா வெளியே வந்தார். மூக்கில் கண்ணாடி அழுத்தின தடம். "கேமராவுல நல்லாத் தெரியுதும்மா. மறுபக்கம் அடியிலயும் ஓடியிருக்கு. முன்னமே சொன்னேன்ல, அப்படி இருந்தா குரல்வளைய முழுசா எடுக்கணும்னு."

குரலைக் காப்பாற்ற வந்த கேமராதானே? அதுவே காட்டிக்கொடுத்துவிட்டது. பழைய காலமாக இருந்தால் தெரியாமல் விட்டிருப்பார்கள். குரல் இருந்திருக்கும் — ஆளு? வெள்ளம் தலைக்கு மேல போனா சாண் என்ன, முழம் என்ன. எடுங்க என்றேன்.

உள்ளே போகும்போது இவர் கடைசியாகச் சொன்னது: "செருப்ப எடுத்து வையி, களவு போயிரும்."

இம்புட்டுத்தானா? இருபது வருசம் பேசுனதுக்கு முடிவு செருப்பா?

செப்டம்பர் 24

கழுத்தில் ஓட்டை. மூச்சு அதன் வழியாகத்தான். ஆனால் நாங்கள் பேசுகிறோம். மில்லில் நூல் நூற்கிற ஸ்பின்னிங்கில் மிசின் ஓடும்போது காதில் வந்து கத்தினாலும் கேட்காது. அங்கே எல்லாரும் உதட்டைப் பார்த்தே பேசுவோம். இவர் ஃபிட்டர், நான் நூற்பு ஃப்ரேம் பார்த்தேன். என்னைக் கட்டிக்கிறயா என்று இவர் கேட்டதே சத்தமில்லாமல்தான். மில்லை விட்டு ஆறு வருசம் ஆகியும் எனக்கு மறக்கவில்லை.

மற்றவர்களுக்கு ஒன்றும் புரியாது. லூர்தம்மாள் மதினி கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, "தம்பி! நான் பேசுறது கேக்குதா!" என்று வார்டே அதிரக் கத்துகிறார். இவர் என்னைப் பார்த்து உதட்டை அசைத்தார்: செவிடு அவளுக்கா எனக்கா?

நவம்பர் 14

இப்போதுதான் நிஜமான கரண்ட் வைக்கிறார்கள். கழுத்துத் தோல் கருகிவிட்டது.

ஜனவரி 20, 2025

புண் ஆறினால் வால்வு வைத்துப் பேச வைக்கலாமாம். கரகரவென்றுதான் வருமாம். வரட்டுமே. முதலில் என்ன பேசுவீர்கள் என்று கேட்டேன். உன்னைத் திட்டுவேன் என்றார்.

பிப்ரவரி 18

அதே அறை, அதே டிவி. டாக்டரம்மா பட்டனை அமுக்கினார். அவர் வாயைத் திறக்கும் முன்னே எனக்குத் தெரிந்துவிட்டது. நாக்கின் அடியில், ஓட்டையைச் சுற்றி, கசகசா. இவரும் பார்த்துவிட்டார். என் பக்கம் திரும்பி ஏதோ சொன்னார்.

"என்னம்மா சொல்றாரு?"

"டிவிய அமத்தச் சொல்றாருங்க."

டிவியை அணைத்தார். இனி வலிக்குத்தான் மருந்தாம். ஏன் ஆண்டவரே, இம்புட்டுத் தெளிவா காட்டுறீரே, காட்டி என்ன ஆச்சு? இவுக கேட்டாகளா? நான் கேட்டேனா?

மார்ச் 6

வீட்டில் நானும் சத்தத்தை விட்டுவிட்டேன். அவர் உதட்டை அசைக்க, நான் மட்டும் சத்தமாகப் பதில் சொன்னால் சண்டைக்குப் போகிற மாதிரி இருக்கிறது. ஆல்வின் வந்தான். வாசலில் செருப்பைக் கழற்றியவன், வீட்டில் யாரும் இல்லை என்று நினைத்துத் திரும்பிப் போய்விட்டான். நாங்கள் உள்ளேதான் பேசிக்கொண்டிருந்தோம்.

ஏப்ரல் 9

இன்று எதுவும் சொல்லவில்லை. உதடு காய்ந்திருந்தது. பஞ்சை நனைத்துத் தடவினேன்.

மே 11

இவருடைய முப்பதாம் நாள் பூசைக்கு மாலை வாங்கப் பூ மார்க்கெட் போனேன். ராமுத்தாய் கடைக்கு முன்னால் நெடுநேரம் நின்றேன். எனக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாம் வாங்கிக்கொண்டு போகிறார்கள், என்னை மட்டும் கவனிக்கவில்லை. எனக்குக் கோபம் வந்துவிட்டது. எத்தனை தடவை கேட்பது?

கடைசியில் அவளே நிமிர்ந்து பார்த்தாள். "என்னக்கா, வாய் மட்டும் அசையுது. உங்களுக்கும் தொண்டையில ஏதுமா?"

சத்தமாகக் கேட்டதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.