தேவிக்கு நான் போட்ட மூன்று

பிப். 15, சனி

விடிகாலையில் பனி, ஒன்பது மணிக்கே வெயில். பெட்டி கட்டும் வேலை. சாந்தி இதுவரை வைத்தவை: புளிக்காய்ச்சல், எலுமிச்சை ஊறுகாய், தைலம், கம்பளி ஒன்று. அங்கே குளிராது என்று சொன்னேன். "இங்க இருக்குற திட்டக்குடிக்கே கம்பளி எடுத்துக்கினு போறவ நானு" என்றாள்.

கல்யாணமாகி முப்பது வருஷம் என்று மகள் கவிதா டிக்கெட் எடுத்துக் கொடுத்துவிட்டாள். லங்காவி. மலேசியாவில் ஒரு தீவு. இன்று சென்னையிலிருந்து வீடியோவில் வந்து, வாடகைக் கார் கூப்பிடும் ஆப்பை என் போனில் ஏற்றச் சொல்லிப் பாடம் எடுத்தாள்.

"அங்க பஸ்ஸு கெடையாதுப்பா. எங்க போறதுன்னாலும் இதுல போடுங்க. எறங்கினதும் ஸ்டார் கேக்கும், குடுத்துடுங்க."

எத்தனை ஸ்டார் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. முப்பத்தொரு வருஷமாக செராமிக் கம்பெனியில் சூளையிலிருந்து வருவதைத் தரம் பிரிக்கிறவனுக்கு இதையா சொல்லித்தர வேண்டும்.

போகிற இடத்தில் யாருக்காவது கொடுக்கலாம் என்று கம்பெனியிலிருந்து பிள்ளையார் பொம்மை நான்கு. எல்லாம் செகண்ட், இரண்டாம் தரம். முதுகில் ஊசிமுனைத் துளை, யார் பார்க்கப்போகிறார்கள். செகண்டுக்கு அடியில் நான் வைக்கும் சிவப்புப் பென்சில் புள்ளியை ஈரத்துணியால் அழித்தேன். ஒன்றில் மட்டும் போகவில்லை.

பிப். 17, திங்கள். லங்காவி

திருச்சியில் ஒரு விமானம், கோலாலம்பூரில் இன்னொன்று. கால் வீக்கம். புழுக்கம், ஆனால் கடல் காற்று. கம்பளி பெட்டியிலேயே.

ஏர்போர்ட் வாசலில் நின்று ஆப்பைத் தட்டினேன். நாலு நிமிஷத்தில் வெள்ளைக் கார். ஓட்டியது ஒரு பெண். எங்களைப் பார்த்ததும், "தமிழா? பசியாறிட்டீங்களா அங்கிள்?" சாந்திக்கு அப்போதே பாதி அலுப்பு போய்விட்டது.

பெயர் தேவி. முப்பத்தைந்து இருக்கும். இந்தத் தீவிலேயே பிறந்து வளர்ந்தவள். கார் ஓட்டத் தொடங்கி இரண்டே வாரம். முன்பு ஹோட்டலில் துணி வெளுக்கும் இடத்தில் வேலை, ஷிப்ட் முடிந்து வரும்போது மகள் தூங்கிப்போயிருப்பாளாம்.

"இதுன்னா புள்ளைய ஸ்கூல்ல நானே விட்டுட்டு நானே கூட்டிக்கலாம் ஆண்டி. மொத ஒரு மாசம் பாப்பாங்க, சரியா இருந்தாத்தான் வச்சுக்குவாங்க. சாமி புண்ணியத்துல இதுவரைக்கும் நல்லா போவுது லா."

பக்கத்தில்தான் இருப்பாளாம், எங்கே போவதென்றாலும் ஆப்பில் போட்டால் அநேகமாக அவளுக்கே வருமாம். சாந்தி அவள் நம்பரையும் வாங்கி வைத்துக்கொண்டாள்.

இறங்கியதும் ஸ்டார் கேட்டது. யோசித்து ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன்:
5 = குறையே இல்லாதது. என் மேஜைக்கு அப்படி ஒன்று இதுவரை வந்ததில்லை.
4 = பர்ஸ்ட்.
3 = நல்ல செகண்ட். தாராளமாக விற்கலாம்.
2 = சந்தேகம்.
1 = உடைத்துப் போடு.

தேவி: கார் சுத்தம், பேச்சு மரியாதை. வாசனை ஸ்ப்ரே அதிகம். 3.

பிப். 18, செவ்வாய்

வெயில். நாலு ஓட்டம், நாலும் தேவிதான்.

1. கழுகுச் சிலை. நல்ல ஓட்டம். ஏசி அதிகம். 3.
2. கடற்கரை. வழியில் குரங்கு குறுக்கே பாய்ந்தது, சடாரென்று பிரேக். சாந்தியின் தண்ணீர் பாட்டில் உருண்டு காலடியில். 3.
3. சாப்பாட்டுக்கடை. 3.
4. திரும்ப ஹோட்டல். 3.

ஐந்துக்குக் குறைத்தால் "என்ன குறை?" என்று ஒரு பட்டியல் காட்டுகிறது. நல்ல முறை. என் ரெஜிஸ்டரிலும் அப்படித்தான், பர்ஸ்ட் ஆகாத எதற்கும் காரணக் கட்டம் காலியாக இருக்கக் கூடாது. மொதலாளியே கையெழுத்துப் போட்டாலும் நான் விடமாட்டேன். குரங்கு விஷயத்துக்குப் பட்டியலில் எது பொருந்தும் என்று பார்த்து, "பாதுகாப்பு" என்பதைத் தொட்டேன்.

சாந்தி எட்டிப் பார்த்தாள். "என்னாத்த தடவிக்கினே இருக்கீங்க?"
"வேலை" என்றேன்.

சுற்றுலாவிலும் ஒழுங்காக வேலை செய்கிறேன் என்று உள்ளூரப் பெருமை. இதை எழுதிவைக்கிறேன், பின்னால் சிரிக்க.

பிப். 19, புதன்

ரோப் கார். மலை உச்சிவரை. சாந்திக்கு மேலேயே தலைசுற்றல், கீழே வந்து தேவி காரில் ஏறியதும் வாந்தி வருவதுபோல். தேவி ஓரம்கட்டி நிறுத்தி, ஓடிப்போய் இளநீர் வாங்கி வந்தாள். சாந்தியின் செருப்பைக் கழற்றி, பாதத்தைத் தன் மடிமேல் வைத்து அரைமணி நேரம் தேய்த்துவிட்டாள். நான் குடை பிடித்தேன்.

ஹோட்டல் வாசலில் சாந்தி பையைத் துழாவிப் பிள்ளையாரை எடுத்துக் கொடுத்தாள். தேவி இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். திருப்பிப் பார்த்தாள். பார்த்தால் அந்த ஒன்று! அழியாத சிவப்புப் புள்ளி.

"ஐ, திருஷ்டிப் பொட்டு வச்சே குடுக்கிறீங்களா அங்கிள்?"

"ஆமாம்மா" என்றேன். நாக்கு தானாகச் சொன்னது. சாந்தி என்னைப் பார்க்கவில்லை, பையை மூடிக்கொண்டிருந்தாள்.

காரின் முன்பக்கம், கண்ணாடிக்குக் கீழே பிள்ளையாரை ஒட்டிவைத்தாள்.

அறைக்கு வந்து ஸ்டார். விரல் 4-க்குப் போனது. எடுத்துவிட்டேன். பாசத்துக்கு மார்க் போட ஆரம்பித்தால் தரம் என்று ஒன்று இல்லாமல் போகும். ஓட்டம் ஓட்டம்தான். 3. காரணம்: தாமதம்.

பிப். 20, வியாழன்

காலையில் மழைத் தூறல். சாந்தியின் மூக்குக் கண்ணாடியைக் காணோம். தலையணைக்கு அடியில், பாத்ரூமில், கம்பளி மடிப்பில், எங்கும் இல்லை. ஆப்பில் கார் போட்டோம், வேறு ஆள் வந்தார். பேசாத மனிதர். சாந்தி கடைகளைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தபடி வந்தாள்.

சாயங்காலம் ஹோட்டல் கூடத்தில் தேவி. கைக்குட்டையில் சுற்றிய கண்ணாடி. சீட்டுக்கு அடியில் விழுந்திருந்ததாம்.

"ஒரு போன் பண்ணியிருந்தா நாங்களே உன் வண்டிய கூப்ட்டிருப்போமே" என்றாள் சாந்தி.

"வண்டி வராது ஆண்டி. ஆப்புல என்னைய நிறுத்திட்டாங்க. காலையில மெசேஜ் வந்துச்சு." போனை எடுத்துக் காட்டினாள். "புதுசுல்ல, நமக்கு ஓட்டமே கொஞ்சம். அதுல தொடர்ந்து மூணு மூணா விழுந்திருக்கு. பாதுகாப்பு சரியில்லைன்னு ஒரு கம்ப்ளைண்டு வேற. அதுக்குத்தான் ஒடனே நிறுத்துவாங்க. விசாரிச்சுச் சொல்றோம்னு போட்டிருக்கு."

சாந்திக்கு வந்ததே கோபம். "எவன் அவன் கண்ணு அவிஞ்சவன்? இவ்ளோ பதனமா ஓட்டுற பொண்ணுக்கு மூணு போட்ட அந்தக் கையி வெளங்குமா? கட்டையில போறவன்! என்னாங்க, நீங்க ஒண்ணும் பேச மாட்டேங்கிறீங்க?"

கூடத்தில் ஒரு மீன்தொட்டி. ஆரஞ்சு நிறத்தில் ஏழு மீன்கள், கறுப்பு ஒன்று. அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பாவம்தான்" என்றேன்.

தேவி என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். அப்புறம், "விடுங்க ஆண்டி. தெரியாம போட்டிருப்பாங்க" என்றாள். மகளைக் கூட்டிவர நேரமாகிவிட்டது என்று கிளம்பிப்போனாள்.

இரவு தட்டைத் தள்ளிவைத்தேன். வயிறு சரியில்லை என்று சாந்தியிடம் சொன்னேன். தைலம் தேய்த்துவிட்டாள். அந்தத் தைலத்துக்குக் கூட நான் யோக்கியதை இல்லாதவன்.

பிப். 21, வெள்ளி

ஏர்போர்ட். அதே பேசாத மனிதர் ஓட்டினார். 5 போட்டேன். காரணம் எதுவும் கேட்கவில்லை. "நன்றி" என்று பூ மாதிரி ஏதோ வந்து மறைந்தது. ஐந்து போட்டால் காரணமே வேண்டாமாம்.

விமானத்துக்குக் காத்திருக்கையில், போட்ட மூன்றுகளை மாற்ற முடியுமா என்று ஆப் முழுக்கத் தேடினேன். அனுப்பியதை மாற்ற முடியாது என்று ஒரே பதில். உதவிக்கு எழுதும் இடத்தில் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எழுதினேன். ஓட்டுநர் நல்லவர், குரங்குதான் தவறு, என்று. படித்துப் பார்த்தால் எனக்கே கிறுக்கன் எழுதியதுபோல் இருந்தது. அனுப்பினேன்.

கவிதாவிடம் போனில், யாருக்கோ கேட்பதுபோல்: "மூணு ஸ்டார் போட்டா என்னா ஆவும்மா?"

"ஐயய்யோ! யாருக்குப்பா போட்டீங்க? ஒண்ணும் கொறை இல்லன்னா அஞ்சுதான் போடணும். அதுக்குக் கீழ எது போட்டாலும் அவங்களுக்கு அடிதான்."

"சும்மா கேட்டேன்."

வாழ்நாளில் இத்தனை பொய் நான் சொன்னதில்லை.

பிப். 24, திங்கள். விருத்தாசலம்

கம்பெனி. சூளை நேற்று பிரித்திருக்கிறார்கள். மேஜை நிறைய பியூஸ் கட்டை, அகல், பொம்மை. எல்லோரும் கேட்டார்கள், தீவு எப்படி, கடல் எப்படி. சாக்லேட் கொடுத்தேன்.

பென்சிலை எடுத்தால் கை ஓடவில்லை. ஒரு அகலை நகத்தால் தட்டிப் பார்க்கிறேன், சத்தம் சுத்தம். விளிம்பில் ஒரு தூசி. முன்பென்றால் கண்ணை மூடிக்கொண்டு செகண்ட். இன்று பத்து நிமிஷம் கையிலேயே. பொம்மைகளைப் பளபளப்புப் பூச்சில் முக்கியெடுக்கும் செல்வி பார்த்துவிட்டு, "என்னா சார், கோயில்ல வெளக்கு ஏத்துற மாதிரி வச்சிக்கினே நிக்கிறீங்க" என்றாள். சிரித்தார்கள்.

அகலுக்கு நான் போட்ட புள்ளி அகலுக்குத் தெரியாது. மண்ணுக்கு மகள் இல்லை, ஸ்கூல் இல்லை. இது தெரிய ஐம்பத்தெட்டு வயசு ஆகியிருக்கிறது எனக்கு. வெட்கமாக இருக்கிறது. வேறு வார்த்தை தேடினேன், கிடைக்கவில்லை.

பிப். 26, புதன்

வெயில் ஏறிவிட்டது. மின்கட்டணம் கட்ட வேண்டும். சாந்திக்குச் சேத்தியாத்தோப்பில் ஒரு வளைகாப்பு.

அவள் இல்லாத நேரம் ஆப்பைத் திறந்தேன். உதவியிலிருந்து பதில் வந்திருந்தது: தங்கள் கருத்துக்கு நன்றி. அவ்வளவுதான். என் பெயரைத் தொட்டால் வேறு ஒன்று இருந்தது. பயணிக்கும் ஸ்டார் உண்டாம். ஓட்டுநர்கள் எனக்குப் போட்டது.

5.

குறையே இல்லாததாம். பாதிக்கு மேல் ஓட்டம் தேவியுடையது. அவள் ஒன்று குறைத்திருந்தாலும் இது ஐந்தாக இருக்காது.

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

மார்ச் 2, ஞாயிறு

காலை எட்டு மணி. சாந்தி அடுப்பங்கரையில். அவள் போனிலிருந்து தேவி நம்பரை எடுத்து, வாசல் படியில் உட்கார்ந்து குரல் செய்தி அனுப்பினேன். மூன்று தடவை பேசி அழித்து, நான்காவது தடவை: "அம்மா தேவி, நான் விருத்தாசலத்துல இருந்து பேசறேன். அந்த மூணு எல்லாம் நான் போட்டது. கம்ப்ளைண்டும் நான்தான். தெரியாம செஞ்சேன். தெரிஞ்சதுக்கு அப்புறமும் ஒன் எதிர்ல வாய மூடிக்கினு நின்னேன். அதுதான் பெரிய தப்பு. மன்னிச்சுடும்மா."

இருபது நிமிஷம். பால்காரர் வந்து போனார். பதில் வந்தது. போனில் சத்தம் கூட்டி வைத்திருந்ததை மறந்து அமுக்கிவிட்டேன்.

"வணக்கம் அங்கிள். தெரியும் அங்கிள். செவ்வாக்கெழம எனக்கு நாலே ஓட்டம், நாலும் நீங்கதானே. ஆண்டி பக்கத்துல இருந்தாங்க, அதான் அன்னைக்கு ஒண்ணும் சொல்லல. ஆப்புலேருந்து என்னைய எடுத்துட்டாங்க அங்கிள், மூணு மாசம் கழிச்சு மறுபடி எழுதிப் போடலாமாம். இப்போ பழைய ஹோட்டலுக்கே துணி வெளுக்கப் போறேன். நீங்க மனச போட்டுக் கொழப்பிக்காதீங்க. ஆண்டிக்குத் தலைசுத்தல் நின்னுச்சா? பிள்ளையார வூட்டுல சாமி மேடையில வச்சிருக்கோம். மகதான் தெனம் பூ வைக்கிறா."

திரும்பினால் பின்னால் சாந்தி. கையில் காபி டம்ளர். எத்தனை நேரமாக நிற்கிறாள் தெரியவில்லை.

கட்டையில போறவன் என்று திட்டப்போகிறாள் என்று காத்திருந்தேன். திட்டியிருக்கலாம். டம்ளரைப் படியில் வைத்தாள். கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள், போட்டுக்கொண்டாள்.

"அந்த செவப்புப் புள்ளியையும் சொல்லிடுங்க. முப்பது வருஷமா ஒங்க சட்டைப் பையிலேருந்து அந்தப் பென்சில எடுத்து வச்சிட்டுத்தான் தொவைக்கிறேன். அன்னைக்கே எனக்குத் தெரியும்."

உள்ளே போய்விட்டாள். காபி ஆறிக்கொண்டிருக்கிறது. மைக்கை அமுக்கிப் பிடித்தேன். "அம்மா தேவி" என்றேன்.