பத்தால் வகுக்கக் கூடாத ஐம்பது

கொழந்தே,

மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, வலது கையை உயர்த்தி, சகல மரியாதைகளுடன் பிரகடனம் செய்கிறேன்: இப்போது நான் சொல்லப்போவது ஒருவரும் நம்பமுடியாத கதை. தெரு நம்பாது. உன் அம்மா நம்பமாட்டாள். மூன்று லோகமும் ஒருதரம் சிரித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடும். நீயாவது கேள். பாதியில் எழுந்து போகிற வழக்கத்தைத்தான் நீ விட்டுவிட்டாயே.

நேற்று உன் தம்பி வந்து உன் லாகரிதம் புத்தகத்தைக் கொடுத்துவிட்டுப் போனான். கரமனை வீட்டில் உன் அலமாரியைக் காலி செய்கிறார்களாம். ஆடி மாதக் கர்க்கடக மழையில் மஞ்சள்காமாலை உன்னைக் கொண்டுபோய் நாற்பது நாள் ஆகிறது. உனக்கு வயது முப்பத்திரண்டு. எதையும் பெருக்கியே சொல்கிற வாய்க்கு இந்த எண்ணை மட்டும் பெருக்கத் தெரியவில்லை. புத்தகத்தைப் பிரித்தேன். ஈரக் காகித வாசனை. நடுவில் நாலாக மடித்த ஒரு கடிதம்.

அந்தக் கடிதம் வந்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. வடக்கே, ரயிலில் இரண்டு நாள் தொலைவில், கணக்கு ஆராய்ச்சிக்கென்றே இருந்த அந்தப் பெரிய இடம் உன்னை நேர்காணலுக்குக் கூப்பிட்டிருந்தது. தெருவில் அதுவரை கடிதம் என்றால் கல்யாணம், சாவு, இல்லாவிட்டால் வருமான வரி. தபால்காரர் அதை வெள்ளித் தாம்பாளத்தில் வைத்து நாதஸ்வரத்தோடு கொண்டுவந்தார் என்று நான் இருபது வருஷம் சொல்லலாம் என்று திட்டமிட்டிருந்தேன். பத்து வருஷம்கூடச் சொல்ல முடியவில்லை.

சிக்கல் எல்லாம் தேதியில். வெள்ளிக்கிழமை ரயில் ஏறினால்தான் நேர்காணலுக்குப் போய்ச் சேரலாம். சனிக்கிழமை உன்னைப் பெண் பார்க்க நாகர்கோவில்காரர்கள் வருவதாக இருந்தது. பையன் லீவு முடிந்து திரும்புகிறான், தள்ளிப்போட்டால் வேறு இடம் பார்த்துவிடுவோம் என்று நாசூக்காகச் சொல்லியிருந்தார்கள். அத்திம்பேர், உன் அப்பா, கோபக்காரர் இல்லை. பயந்தவர். "சான்ஸ் இருக்குன்னா போலாம். இல்லேன்னா ரெண்டும் போயிடும்" என்றார். முடிவை உன்னிடமே விட்டார். எவ்வளவு சான்ஸ் என்று சொல்லத்தான் தெருவில் ஆள் இல்லை.

ஆகவே பராக்கிரமசாலியான உன் மாமா புறப்பட்டேன். அந்த இடத்தில் முன்னே வேலை பார்த்துவிட்டு, ஓய்வு பெற்று மலையடிவார வித்துராவில் குடியிருந்த ஒரு பேராசிரியரைத் தேடிப் போனேன். நடந்தது இவ்வளவுதான்: பஸ்ஸில் போனேன், நனைந்தேன், அவர் உன் மார்க்கை வரிவரியாகப் படித்தார். கூப்பிடுவது பதினாலு பேரை, எடுப்பது ஏழு பேரை, இந்தப் பெண்ணுக்குப் பாதிக்குப் பாதி உண்டு, தைரியமாக அனுப்புங்கள் என்று மலையாளத்தில் சொன்னார். பால் விடாத கட்டஞ்சாயா கொடுத்தார். திரும்பி வந்தேன்.

இதை இப்படியே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் யார்?

கூடத்தில் எல்லோரும் காத்துக்கொண்டிருந்தீர்கள். வழியில் நாற்பது ஆனை மறித்தது என்று ஆரம்பித்தேன். பஸ் சுவரேறுகிற பல்லி மாதிரிச் செங்குத்தாக ஏறியது, கண்டக்டர் கயிற்றில் தொங்கி டிக்கெட் கொடுத்தார். என் காலில் கடித்த அட்டை அரைப்படி ரத்தம் குடித்துவிட்டு ஏப்பம் விட்டது. பேராசிரியரின் தாடி பன்னிரண்டு அடி, அதில் ஒரு மைனா குடும்பம் நடத்துகிறது. அட்டைக்கும் தாடிக்கும் நடுவில் எங்கேயோதான் சொன்னேன், "நூத்துக்கு அம்பது சான்ஸ் இருக்குன்னுட்டார்" என்று.

எல்லோரும் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. நான் கிணற்றடியில் கால் கழுவும்போது பின்னாலேயே வந்தாய்.

"அந்த அம்பது நெஜமாக்குமா, மாமா?"

"பத்மநாபசுவாமி சத்தியமா."

"கரமனை ஆத்து முதலைக்கும் இதே சத்தியம்தானே பண்ணினேள்?"

சொல்லிவிட்டு நீ சிரித்தாய். நானும் சிரித்தேன்.

அந்த முதலையை உனக்கு நினைவுபடுத்த வேண்டியதில்லை. உனக்கு ஒன்பது வயதில் ஆற்றில் எழுபதடி முதலை பார்த்ததாகச் சொன்னேன். நீ ஸ்லேட்டை எடுத்து, எழுபதைப் பத்தால் வகுத்து, "ஏழடி இருக்கும். மாமா சொன்னா பத்தால வகுத்துக்கணும், அப்பறம்தான் நம்பணும்" என்று தீர்ப்புச் சொன்னாய். அன்றிலிருந்து வீட்டுச் சட்டம் அது. நூறு பேர் சாப்பிட வருகிறார்கள் என்றால் உன் அம்மா பத்துப் பேருக்கு உலை வைப்பாள். ஒருநாளும் சோறு குறைந்ததும் இல்லை, மிஞ்சியதும் இல்லை. எனக்குக் கிடைத்த பெரிய விருதாக அதை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

வெள்ளிக்கிழமை புளியோதரைப் பொட்டலத்தோடு தம்பானூர் ஸ்டேஷனில் உனக்காகவும் அத்திம்பேருக்காகவும் காத்திருந்தேன். ரயில் வந்தது. ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்தேன். ரயில் போனது. பொட்டலத்தில் எண்ணெய் கசிந்து சட்டைப் பை நனைந்தது. வீட்டுக்கு வந்தால் உன் அம்மா நாளைக்குக் கேசரி கிளற ரவை சலித்துக்கொண்டிருந்தாள். நீ அப்பாவிடம், "வேண்டாம்பா. கணக்குச் சரியா வரல்லை" என்று மட்டும் சொன்னாயாம். எந்தக் கணக்கு என்று நான் கேட்கவில்லை. எனக்குக் கோபம். ஆனைக் கூட்டத்தைத் தாண்டிப் போய்ச் சேதி கொண்டுவந்தவனுக்கு இதுவா மரியாதை?

நாகர்கோவில்காரர் நல்ல மனிதர், அதில் ஒரு குறையும் சொல்வதற்கில்லை. நீ அங்கே பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தாய். தீபாவளிக்கு வரும்போதெல்லாம் நான் வாசலில் நின்று, "பேராசிரியை அம்மாள் வராள், வழி விடுங்கோ" என்று கட்டியம் கூறுவேன். பயந்தாங்கொள்ளி என்று பத்துப் பேர் முன்னால் சொன்னேன். ஒவ்வொரு தரமும் நீ சிரித்தாய். ஒரே ஒரு தரம், "நீங்கதானே மாமா சொன்னேள்" என்றாய். நான் கட்டியத்தின் சத்தத்தில் அதைக் காதில் வாங்கவில்லை.

நேற்று அந்தக் கடிதத்தைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் பென்சிலில், உன் குண்டு எழுத்தில்:

மாமா சொன்னது 50. வகுத்தல் 10. ஆக 5.

அதன் கீழே: இருபதில் ஒரு பங்குக்காக அப்பாவை அலைக்கழிக்க வேண்டாம்.

அழித்து மறுபடி எழுதிய அடையாளம் இருந்தது. சரிபார்த்திருக்கிறாய். கணக்கில் ஒரு பிழையும் இல்லை.

காலையில் உன் அம்மாவிடம் போய், அந்த ஐம்பது நிஜம் என்று சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டே, "இப்பவுமா? போறுண்டா" என்றாள். குற்றம் அவளுடையது இல்லை. என் வாயால் வந்து இருபது வருஷத்துக்கு மேலாக நடக்கிற சட்டம், எனக்காக ஒருநாள் தளருமா?

அதனால் உனக்கு எழுதுகிறேன். ஆனை பொய். கயிற்றில் தொங்கிய கண்டக்டர் பொய். தாடியும் மைனாவும் பொய். பேராசிரியர் மழமழவென்று சவரம் செய்திருந்தார். அட்டை கடிக்கவே இல்லை. முதலை, கிழடுதட்டிய ஒரு மரக்கட்டை. ஆயுசு முழுக்கச் சொன்னதில் ஒரு துளி மட்டும் நிஜம். இந்தத் தரம் வகுக்காதே, கொழந்தே. அவர் ஐம்பது என்றுதான் சொன்னார்.